பெடலும் விரலும்

உரைநடைப் பாடம்

மாணவர்களே, இப்பாடத்தைத் தொடங்குமுன் உங்கள் வீட்டில் உள்ள உலோகப் பொருள் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். எவர்சில்வர் தட்டு, குக்கர் மூடி, மிதிவண்டியின் மட்காப்பு, கதவுக் கீல் என எதுவாகவும் இருக்கலாம். அதன் வளைவில் இணைப்போ ஒட்டோ தெரிகிறதா? பெரும்பாலும் தெரியாது. தட்டையான தகடு ஒன்று ஒரே அழுத்தத்தில் இவ்வடிவத்தைப் பெற்றிருக்கிறது. அந்த அழுத்தத்தைத் தரும் எந்திரத்தையும், அதன் முன் அமர்ந்திருக்கும் மனிதரையும் பற்றியது இப்பாடம்.

1983ஆம் ஆண்டு இறுதியில் ஹரியானா மாநிலத்தின் குர்காவ் நகரில் மாருதி மகிழுந்துகள் உருவாகி வெளிவரத் தொடங்கின. குர்காவ் இன்று குருகிராம் எனப்படுகிறது. பெரிய ஆலை ஒன்று வந்தால் அதற்கு உதிரி உறுப்புகள் செய்து தரும் ஆலைகளும், அவற்றுக்குச் சிறு உறுப்புகள் செய்து தரும் பட்டறைகளும் சுற்றிலும் முளைக்கும். மானேசரிலும் ஏற்கெனவே தொழில்நகரமாக இருந்த பரீதாபாத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. மகிழுந்தில் கண்ணுக்குத் தெரியும் பகுதி பெரிய ஆலையில் உருவாகிறது. கண்ணுக்குத் தெரியாத தாங்கிகள், வளையங்கள், பிடிகள் முதலியன சந்துக்குள் இருக்கும் பட்டறைகளில் உருவாகின்றன. அப்பட்டறைகளில் பெரும்பாலும் உத்தரப்பிரதேசம், பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் வேலை செய்கின்றனர். இப்பகுதியில் காயமுற்ற தொழிலாளருக்காக உழைக்கும் 'சேஃப் இன் இந்தியா' என்னும் அமைப்பு, 2019 முதல் 'நசுங்கியவர்கள்' என்று பொருள்படும் தலைப்பில் அறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. விரல்களைப் பறிக்கும் எந்திரங்களில் முதலிடம் பவர் பிரஸ் எனப்படும் அழுத்து எந்திரத்திற்கே என அவ்வறிக்கைகள் காட்டுகின்றன.

அழுத்து எந்திரம் இயங்கும் முறை எளியது. மோட்டார் ஒரு கனத்த சக்கரத்தை ஓயாமல் சுழற்றிக்கொண்டே இருக்கும். இதனைப் பிளைவீல் என்பர். தொழிலாளி காலால் பெடலை மிதித்ததும் கிளட்ச் என்னும் இணைப்பு அச்சக்கரத்தைத் தண்டோடு பிணைக்கும். தண்டு ஒரு சுற்றுச் சுற்ற, மேலே நிற்கும் இரும்புக் கட்டை கீழே இறங்கி மீண்டும் மேலேறி நிற்கும். மேலும் கீழும் பொருத்தப்பட்ட 'டை' எனப்படும் அச்சுகளின் நடுவே வைத்த தகடு, கட்டை இறங்கிய நொடியில் வெட்டுண்டோ வளைந்தோ வடிவம் பெறும். தகட்டை உள்ளே வைக்க ஒரு முறையும், செய்து முடித்ததை எடுக்க ஒரு முறையும் கை உள்ளே செல்ல வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். நிமிடத்துக்குப் பத்து உறுப்புகள் என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், எட்டு மணி நேரத்தில் 4800 உறுப்புகள். அதாவது ஒரே நாளில் 4800 முறை அந்தக் கை எந்திரத்தின் வாய்க்குள் சென்று திரும்புகிறது. 4799 முறை சரியாகத் திரும்பினால் போதாது. உங்களுள் யாரேனும் 4800 முறை ஒரே சொல்லைப் பிழையின்றி எழுத இயலுமா? நூறு முறை எழுதச் சொன்னாலே அறுபதாவது முறையில் ஓர் எழுத்து விடுபட்டுப் போவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அதற்காக எந்த மாணவனையும் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. மனித மனத்தின் இயல்பு அது. ஆகவே 'கவனமாக இரு' என்னும் அறிவுரையை மட்டும் நம்பி ஓர் எந்திரத்தை இயக்குவது, குடை இல்லாதவனிடம் 'நனையாமல் போ' என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

சென்ற ஆண்டு பெற்றோர் கூட்டத்தில், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை மதிப்பெண் அட்டையில் இடக்கையால் கையொப்பமிட்டார். எழுத்துகள் நடுங்கின. சேலம் மாவட்டத்திலிருந்து இளமையிலேயே பரீதாபாத் வந்தவர் அவர்.

"தங்களுக்கு இடக்கைப் பழக்கமோ, ஐயா?" என்று கேட்டேன்.

அவர் வலக்கையை மேசைமேல் வைத்தார். சுட்டுவிரலும் நடுவிரலும் இல்லை.

"பழக்கம் இல்லைங்க சார். பழகிக்கொண்டது" என்றார்.

பிறகு தாமாகவே கூறினார்: "மூன்று நாளாகவே அந்தப் பிரஸ் இரட்டை அடி அடித்துக்கொண்டிருந்தது. ஒரு முறை மிதித்தால் இரண்டு முறை இறங்கும். சூப்பர்வைசரிடம் சொன்னேன். 'இந்த ஆர்டர் போகட்டும், ஞாயிற்றுக்கிழமை பிரித்துப் பார்க்கலாம்' என்றார். வெள்ளிக்கிழமை என் கை போயிற்று. முதல் அடி இறங்கி ஏறியது, தகட்டை எடுக்கக் கையை விட்டேன், மிதிக்காமலே இறங்கிவிட்டது."

விரல் போனதைவிட வேறொன்றே அவரை இன்றும் வருத்துகிறது. பட்டறையில் எழுதப்பட்ட விபத்து அறிக்கையில், 'தொழிலாளி கவனக்குறைவாக எந்திரத்தினுள் கையை விட்டதால் விபத்து நேர்ந்தது' என்று இந்தியில் எழுதியிருந்தார்கள். மருந்து மயக்கத்தில் இருந்தவரிடம் அதைப் படித்துக் காட்டாமலேயே இடக்கைப் பெருவிரலை மையில் உருட்டி ரேகை வாங்கிவிட்டார்கள். "இருபது வருசம் வேலை செய்தவனைப் பார்த்துக் கவனமில்லாதவன் என்று எழுதிவிட்டார்களே, சார்" என்றார். அருகில் நின்ற மகள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த அறிக்கை வாக்கியத்தை இலக்கணக் கண்ணோடு காண்போம். தமிழில் சொன்னால் அதன் எழுவாய் 'விபத்து', பயனிலை 'நேர்ந்தது'; காரணம் கூறும் பகுதியில் கையை விட்டவராகத் 'தொழிலாளி' மட்டுமே நிற்கிறார். இலக்கணப்படி பிழையில்லாத வாக்கியம். ஆனால் அந்த நிகழ்ச்சியைப் பற்றி வேறு வாக்கியங்களும் எழுதலாம். 'கிளட்சின் வில்சுருள் முறிந்திருந்தது.' 'பழுது தெரிந்தும் மேற்பார்வையாளர் எந்திரத்தை நிறுத்தவில்லை.' 'கையைத் தடுக்கும் காப்பு கழற்றப்பட்டிருந்தது.' மூன்றும் உண்மையே. மூன்றும் அறிக்கையில் இல்லை. கடைசி வாக்கியத்தை மீண்டும் பாருங்கள். அது செயப்பாட்டுவினை. யாரால் கழற்றப்பட்டது? 'ஆல்' உருபேற்ற சொல் விடுபட்டவுடன், செய்தவரும் வாக்கியத்தை விட்டு மறைந்துவிடுகிறார். விபத்தை ஆராய்பவர்கள் இதனாலேயே ஒரு 'ஏன்' என்பதோடு நிற்பதில்லை. கை ஏன் உள்ளே இருந்தது? தகட்டை எடுக்க. கட்டை ஏன் தானாக இறங்கியது? கிளட்ச் விடுபடவில்லை. ஏன் விடுபடவில்லை? உறுப்பு தேய்ந்திருந்தது. தேய்ந்ததை ஏன் மாற்றவில்லை? அந்த நான்காவது கேள்வியை மேற்பார்வையாளரிடமும் உரிமையாளரிடமும்தான் கேட்க வேண்டும்.

இனி, தடுக்கும் வழிகளைக் காண்போம். எல்லாவற்றுள்ளும் சிறந்தது, கை உள்ளே செல்ல வேண்டிய தேவையையே நீக்கிவிடுவது. தகட்டைச் சுருளாக வைத்து உருளைகள் வழியே தானாக ஊட்டலாம். முடிந்த உறுப்பு சரிவில் வழுக்கியோ காற்றழுத்தத்தாலோ வெளியே விழுமாறு செய்யலாம். அவ்வளவு செலவு செய்ய இயலாதபோது, அச்சைச் சுற்றிக் கம்பி வலையோ தகட்டுத் தடுப்போ நிலையாகப் பொருத்தலாம். தகடு நுழையும், விரல் நுழையாது என்னும் அளவில் இடைவெளி இருக்க வேண்டும். இது மலிவானது. ஆயினும் பல பட்டறைகளில் காணக் கிடைப்பதில்லை.

அடுத்தது, பெடலை எடுத்துவிட்டு இரண்டு பொத்தான்களை வைப்பது. இரு கைகளாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் கட்டை இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் அச்சுக்குள் இருக்க இயலாது அன்றோ? ஆனால் ஒரு பொத்தானைக் குச்சி செருகி நிரந்தரமாக அழுத்தி வைத்துவிடும் வழக்கமும் உண்டு. ஆகவே ஒவ்வோர் அடிக்கும் இரண்டையும் விட்டுவிட்டு மீண்டும் அழுத்தினால்தான் இயங்கும் வகையில் மின்சுற்று அமைய வேண்டும். மேலும், இம்முறை எந்திரம் ஓட்டுபவரின் கையை மட்டுமே காக்கும். எதிரே நின்று உதவி செய்பவரின் கையைக் காக்காது.

மூன்றாவது, ஒளித்திரை. அச்சின் முன்னே கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள் வரிசையாகச் செல்லும். கை அக்கதிரை மறைத்தவுடன் எந்திரம் நின்றுவிடும். இதை நிறுவிவிட்டால் கவலையில்லை என்று பலர் எண்ணுகின்றனர். இங்கு இரண்டு செய்திகளை அறிய வேண்டும். முதலாவது, பழைய அழுத்து எந்திரங்களில் சாவி போன்ற ஓர் உறுப்பால் பிணையும் கிளட்ச் இருக்கும். அது ஒருமுறை பிணைந்துவிட்டால் முழுச் சுற்றும் முடிந்த பிறகே விடுபடும். பாதி வழியில் நிற்கவே நிற்காது. அத்தகைய எந்திரத்தில் ஒளித்திரை வெறும் அலங்காரமே. உராய்வுக் கிளட்ச் உள்ள எந்திரத்தில்தான் அது பயன்படும். இரண்டாவது, தொலைவு. மனிதக் கை நொடிக்குச் சுமார் 1.6 மீட்டர் வேகத்தில் நீளும் என்று கொண்டு பொறியாளர்கள் கணக்கிடுவது உண்டு. ஓர் எந்திரம் நிற்க 0.3 நொடி ஆகுமானால், அந்நேரத்தில் கை 48 சென்டிமீட்டர் சென்றுவிடும். ஆகவே திரை அச்சிலிருந்து குறைந்தது அவ்வளவு தொலைவிலாவது இருக்க வேண்டும். பிரேக் தேய்ந்து, நிற்கும் நேரம் 0.5 நொடியாகிவிட்டால் 80 சென்டிமீட்டர் தேவைப்படும். திரையோ பழைய இடத்திலேயே இருக்கும். விளக்கு பச்சையாகவே எரியும். எனவே நிற்கும் நேரத்தை அவ்வப்போது அளந்து பார்க்காத பட்டறையில் அப்பச்சை விளக்கை நம்புதல் ஆகாது.

இவ்வளவு வழிகள் இருந்தும் காப்புகள் ஏன் கழற்றப்படுகின்றன? எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி தரும் இடத்தில், காப்பு ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு நொடியைத் தின்றால், 4800 உறுப்புக்கு 80 நிமிடம் போய்விடும். அந்த 80 நிமிடத்தின் இழப்பைத் தொழிலாளியின் தலையில் சுமத்திவிட்டுக் 'காப்பைக் கழற்றாதே' என்று பலகை மாட்டுவதில் பொருளில்லை. சில காப்புகள் வேலைக்கே இடையூறாக, எந்திரத்தின் முன் ஒரு நாளும் அமராதவரால் வடிவமைக்கப்பட்டவை. அந்தப் பலகையும்கூட ஆங்கிலத்தில் இருக்கும். எதிரே அமர்ந்திருப்பவருக்கு மைதிலியோ ஒடியாவோ தாய்மொழியாக இருக்கும்.

அச்சு மாற்றுதல், எண்ணெய் இடுதல், பழுது பார்த்தல் ஆகிய வேளைகளில் வரும் ஆபத்து வேறு வகையானது. மின்விசையை நிறுத்திய பின்னும் பிளைவீல் சில நிமிடங்கள் சுழன்றுகொண்டே இருக்கும். அதனுள் தேங்கிய ஆற்றல் ஓர் அடி அடிக்கப் போதுமானது. உயரே நிற்கும் கட்டை தன் எடையாலேயே இறங்கலாம். ஆகவே சக்கரம் முழுதும் நிற்கும்வரை காத்திருந்து, கட்டைக்கும் அடித்தளத்துக்கும் இடையே உறுதியான முட்டு வைத்த பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். முட்டை மறந்து எந்திரத்தை ஓட்டினால் எந்திரமே உடையும். அதனால் முட்டை ஒரு சங்கிலியால் மின்சொருகோடு இணைத்து, முட்டு வெளியே இருந்தாலன்றி மின்னிணைப்பே கிடைக்காதவாறு செய்வர். மேலும், பழுது பார்ப்பவர் மின்விசைப் பெட்டியில் தம்முடைய பூட்டைப் பூட்டித் திறவுகோலைத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். மூவர் வேலை செய்தால் மூன்று பூட்டுகள். கடைசியாக வெளியே வருபவர் தம் பூட்டைத் திறக்கும்வரை எந்திரம் உயிர் பெறாது. 'நான் உள்ளே இருக்கிறேன், யாரும் போட்டுவிடாதீர்கள்' என்று கூவிவிட்டுச் செல்வது பூட்டுக்கு ஈடாகாது. பிரஸ்களின் இரைச்சலில் அது கேட்கவும் கேட்காது.

உடையைப் பற்றியும் ஒரு சொல். தொங்கும் துப்பட்டா, தளர்ந்த கைப்பட்டை, மோதிரம், கட்டாத கூந்தல் ஆகியவை சுழலும் உறுப்புகளின் அருகே ஆகாதவை என்பதை யாவரும் அறிவர். ஆனால் துளையிடும் எந்திரத்தில் கையுறை அணிவதும் ஆபத்தே என்பதைப் பலர் அறியார். சுழலும் முனை கையுறையின் நூலைப் பற்றினால் கையையும் சேர்த்துச் சுற்றிவிடும். கூரான தகட்டைத் தூக்கும்போது உதவும் அதே கையுறை, அடுத்த மேசையில் பகையாகிவிடுகிறது.

ஆபத்தான எந்திரம் ஆலையில் மட்டும்தான் உண்டு என எண்ண வேண்டா. ஹரியானா, பஞ்சாபு கிராமங்களில் மாட்டுத் தீவனம் நறுக்கும் பொறி வீட்டு முற்றத்திலேயே இருக்கும். சக்கரத்தில் கத்தி பொருத்திக் கையால் சுற்றும் அப்பொறியில் விரலிழந்தவருள் விளையாடச் சென்ற குழந்தைகளும் உண்டு. தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் தினேஷ் மோகனும் அவருடன் பணியாற்றியோரும் இக்காயங்களை ஊர்தோறும் ஆராய்ந்து, கத்திக்கு ஒரு மூடி, கையை முன்கூட்டியே எச்சரிக்கும் ஓர் உருளை, வேலையில்லாத நேரத்தில் சக்கரத்தைச் சுழலவிடாத ஒரு பூட்டாணி எனச் சிறு மாற்றங்களை வகுத்தனர். அறிவுரை கேட்கும் வயதில்லாத குழந்தையையும் அந்தப் பூட்டாணி காக்கும். கதிரடிக்கும் எந்திரத்தால் உழவர் பலர் கையிழந்தமையால், அத்தகைய எந்திரங்களின் உற்பத்தியையும் விற்பனையையும் பயன்பாட்டையும் முறைப்படுத்த 1983இல் நாடாளுமன்றம் ஒரு தனிச் சட்டமே இயற்றியது.

2025 நவம்பர் வரை ஆலைகளுக்கான முதன்மைச் சட்டமாக இருந்தது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். அதன் 21ஆம் பிரிவு, பிளைவீல் முதலிய ஆபத்தான உறுப்புகளுக்கு உறுதியான வேலி வேண்டும் என்றும், உறுப்பு இயங்கும்போது வேலி அதன் இடத்திலேயே இருக்க வேண்டும் என்றும் கூறியது. போபால் பேரழிவுக்குப் பின் 1987இல் வந்த திருத்தம், அபாயகரமான செயல்முறை உள்ள ஆலைகளில், உடனடி ஆபத்து இருப்பதாகக் கருதும் தொழிலாளி அதனை நிர்வாகத்துக்கும் அதே வேளையில் ஆய்வாளருக்கும் தெரிவிக்கும் உரிமையை அளித்தது. 'இரட்டை அடி அடிக்கிறது' என்று அந்தத் தந்தை சொன்னதும் அத்தகைய ஓர் எச்சரிக்கையே. அவர் ஒருவரிடம் மட்டும் சொன்னார். இன்னொரு கதவும் உண்டு என்பதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. பழைய பல சட்டங்களை ஒன்றாக்கும் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2020இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

இழந்த விரலுக்கும் சட்டத்தில் அட்டவணை உண்டு. பெருவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு. சுட்டுவிரல் முழுதும் போனால் 14. நடுவிரலுக்கு 12. ஒரு கையில் இரண்டு விரல்களுக்கு 20. தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் பதிந்தவருக்கு ஊதியத்தின் 90 விழுக்காட்டை அடிப்படையாகக் கொண்டு இத்தொகை கணக்கிடப்படுகிறது. மாதம் 15,000 ரூபாய் பெற்றவர் இரண்டு விரல்களை இழந்தால், மாதம் 2,700 ரூபாய் வாழ்நாள் முழுதும் கிடைக்கும். வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே காப்பீட்டில் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. விபத்து நேர்ந்த மாலையில் அவசரமாகப் பதியும் பட்டறைகளும் உண்டு. வீட்டில் யாரேனும் ஆலை வேலைக்குச் செல்பவராயின், அவருடைய காப்பீட்டு எண் வழங்கப்பட்டுவிட்டதா என்று இன்று மாலையே கேளுங்கள்.

சொற்பொருள்

காப்பு – கை நுழையாமல் தடுக்கும் அமைப்பு. முட்டு – விழாமல் தாங்கும் கட்டை. விழுக்காடு – நூற்றுக்கு இத்தனை என்னும் அளவு. ஒப்பாகும் – நிகராகும். பூட்டாணி – ஓர் உறுப்பை அசையாமல் பிணைக்கும் ஆணி.

பயிற்சி

1. 'காப்பு கழற்றப்பட்டிருந்தது' – இவ்வாக்கியத்தைச் செய்வினையாக மாற்றுக. எழுவாயாக யாரை வைத்தீர்கள்? ஏன்?

2. ஓர் எந்திரம் நிற்க 0.4 நொடி ஆகிறது. ஒளித்திரை அச்சிலிருந்து 50 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளது. இது போதுமா? கணக்கிட்டு இரண்டு வாக்கியங்களில் விடை எழுதுக.

3. 'பழக்கம்', 'பழகிக்கொண்டது' – இவ்விரு சொற்களாலும் அந்தத் தந்தை உணர்த்திய வேறுபாட்டை உம் சொற்களில் விளக்குக.

4. 'கையுறை நண்பனும் பகைவனும் ஆகும்' – பாடப்பகுதி கொண்டு விளக்குக.

5. உங்கள் பள்ளி ஆய்வகத்திலோ வீட்டிலோ உள்ள ஒரு பொறியை உற்று நோக்குக. அதில் விரல் சிக்கக்கூடிய இடம் எது? அங்கு என்ன காப்பு உள்ளது? படம் வரைந்து உறுப்புகளின் பெயர்களைத் தமிழில் குறிக்க.

6. பாடத்தில் வரும் தந்தையின் விபத்து அறிக்கையை நீங்கள் எழுதுவதாகக் கொண்டு, நிகழ்ந்தவற்றை நாள் வரிசைப்படி எட்டு வாக்கியங்களில் எழுதுக. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வெளிப்படையான எழுவாய் இருத்தல் வேண்டும். எழுதியதை, எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் எதிரே இருப்பதாக எண்ணி உரக்கப் படித்துக் காட்டுக.